எட்டாம் வகுப்பின் நாலாவது விதி

நாலாவது விதியை எழுதுனது கோகிலவாணி டீச்சர். முதல் பொய்யை எழுதுனது நான். ஊர் ஜனம் இதை மாத்திப் பேசுது. டீச்சர் பொய் அட்டெண்டன்ஸ் போட்டாங்களாம், அதனால ஒரு புள்ளையோட வாழ்க்கையே போச்சாம். டீக்கடையில உக்காந்துக்கிட்டு பேசறதுக்கு என்ன, வாய் வலிக்குமா? கூட இருந்து பாத்தவ நான். அதனால நான் சொல்றேன், கேளுங்க.

என் பேரு அமுதவல்லி. காரிமங்கலத்துல இருந்து உள்ள தள்ளி இருக்கற எங்க ஊர் நடுநிலைப் பள்ளியில சத்துணவு அமைப்பாளர். காலையில எத்தனை புள்ளைங்க வந்திருக்குதுன்னு கேட்டு, அதுக்குத் தக்க அரிசியும் முட்டையும் எடுத்துக் குடுத்து, மத்தியானம் ரிஜிஸ்டர்ல எழுதி வைக்கறது என் வேலை. வூட்டுக்காரர் தவறிப் போனதுக்கப்புறம் கெடைச்ச வேலை. பன்னெண்டு வருசமா இதுலதான் எம் பையனைப் படிக்க வைக்கறேன்.

டீச்சர் பொம்மிடிப் பக்கம் பொறந்தவங்க. அப்பா பச்சியப்பன் ஆடு வச்சுப் பொழைச்சவரு. பத்தாவதுல டீச்சர் கணக்குல பெயிலுங்க. இருபத்தெட்டு மார்க்கு. கணக்கு டீச்சரே கணக்குல பெயிலான்னு நான் கிண்டல் பண்ணுவேன், ஆமாங்க்கான்னு சிரிப்பாங்க. பெயிலானவளுக்கு என்ன பள்ளிக்கூடம்னு அப்பா ஆட்டுக்குப் பின்னால அனுப்பிட்டாரு. நாலு மாசம் காட்டுல உக்காந்து, பழைய நோட்டுல எழுதி எழுதிப் பாத்து, மறுபரீட்சையில தொண்ணூத்தியொண்ணு வாங்கியிருக்காங்க. "அந்த நாலு மாசத்துல ஒரு நாள் நான் கணக்குப் போடாம விட்டிருந்தா இன்னிக்கும் ஆடுதான் அமுதாக்கா" அப்படிம்பாங்க. அவங்க கண்டிப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியுதுங்களா?

கல்யாணமாகி வந்தது பாப்பாரப்பட்டி. வூட்டுக்காரர் சந்திரமோகனுக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. டீச்சர் விடியறதுக்குள்ள சோறாக்கி வச்சுட்டு, தர்மபுரி வந்து பஸ் மாறி, காரிமங்கலத்துல எறங்கி, ஷேர் ஆட்டோ புடிச்சு ஹெச்.எம். வர்றதுக்கு முன்னால வந்து நிப்பாங்க. ஆறாவது, ஏழாவது, எட்டாவது மூணுக்கும் அவங்கதான் கணக்கு. எட்டாவதுக்கு வகுப்பாசிரியரும் அவங்கதான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால எட்டாவது முடிச்ச பொண்ணுங்கள்ல மூணு பேரு ஒம்பதாவதுக்குப் போகல. அதுல ஒருத்தி சந்தையில கைக்கொழந்தையோட டீச்சரைப் பாத்துட்டு, காய்கறிக் கடைக்குப் பின்னால ஒதுங்கிப் போயிட்டா. டீச்சர் அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல. "நான் கொஞ்சம் தளர்த்தி விட்டதாலதான் இப்படி, இனிமே ஒரு பொண்ணையும் விட மாட்டேன்"னாங்க. அந்த ஜூன்ல சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கெட்ச் பேனாவுல எழுதி, எட்டாவது வகுப்புச் செவுத்துல ஒட்டுனாங்க. 'கணக்கு வகுப்பு விதிகள்.' எனக்கு இப்பவும் மனப்பாடம்.

ஒன்று, கணக்கு நோட்டும் அளவுகோலும் தினமும் கொண்டு வர வேண்டும். இரண்டு, ரப்பர் பயன்படுத்தக் கூடாது. தவறை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, கீழே மறுபடி செய்ய வேண்டும். மூன்று, புரியவில்லை என்றால் கை தூக்க வேண்டும். புரியாமல் தலையாட்டக் கூடாது. நான்கு, வீட்டுப்பாடம் முடிக்காதவர் கணக்கு வகுப்புக்கு வரக்கூடாது. ஐந்து, வீட்டுப்பாட நோட்டில் தினமும் பெற்றோர் கையொப்பம் வேண்டும்.

இதையே ஜெராக்ஸ் எடுத்து வூட்டு வூட்டுக்கு அனுப்பி, அப்பா அம்மா கையெழுத்தும் வாங்குனாங்க. அதுல ஒரு காப்பி வூட்லயே இருக்கணும்.

நாலாவது விதியைப் பாத்துப் பயந்துக்காதீங்க. அது நெசத்துல என்னன்னு எங்க பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் தெரியும். வூட்டுப்பாடம் போடாத புள்ள வகுப்பு வாசல்ல நிக்கும். டீச்சர் செவுத்தைக் காட்டி "நாலாவது என்ன?"ம்பாங்க. அது படிச்சுட்டு, நோட்டைத் தூக்கிக்கிட்டு எங்க சமையக்கட்டு வாசப்படிக்கு வரும். நாலு பேரு அஞ்சு பேரு உக்காந்து, ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதி, பத்து நிமிசத்துல முடிச்சுட்டு உள்ள ஓடும். டீச்சருக்கும் தெரியும், கண்டுக்க மாட்டாங்க. இது எங்க வழக்கம். ஆனா வழக்கத்தை சார்ட்டுல யாரு எழுதுனாங்க?

கலைமதி அந்த வருசந்தான் எங்க பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த புள்ள. பதிமூணு வயசு. அர்ச்சுனன், மாதம்மாள்னு பூ வெவசாயம் பண்றவங்களோட மூத்த பொண்ணு. ஒண்ணரை ஏக்கர்ல சாமந்தி. விடியக்காலம் பூப் பறிச்சு மொத பஸ்ல தர்மபுரிக்கு ஏத்தி விட்டாத்தான் ஆச்சு. அந்தப் புள்ள கையில எப்பவும் பூ வாசம் அடிக்கும், நகத்துல பச்சைக்கறை இருக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்யும். தட்டைக் கழுவி வைன்னா அடிப்பக்கமும் கழுவி வைக்கும். கணக்கும் நல்லா வரும். அந்த வகுப்புல இருக்கற முப்பத்தியொரு புள்ளையில இவளை எப்படியாவது பெரிய படிப்பு படிக்க வச்சுடணும்னு டீச்சருக்கு ஒரே ஆசை.

ஆவணி பொறந்துச்சு. முகூர்த்த சீசன், பூவுக்கு வெலை. ராத்திரி பகல்னு வூடே காட்டுல கெடந்தாங்க. ஒரு செவ்வாக்கிழமை கலைமதி வூட்டுப்பாடம் மூணு கணக்கும் போடாம வந்து நின்னா. அதுவரைக்கும் ஒரு நாளும் அப்படி வந்ததில்ல. டீச்சர் வழக்கம்போல "நாலாவது என்ன?"ன்னாங்க. அவ படிச்சா. படிச்சுட்டு பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்துட்டா.

நான் சமையக்கட்டு வாசல்ல அரிசி அளந்துக்கிட்டு இருந்தேன். என்னைத் தாண்டிப் போனா.

"எங்க கண்ணு போற?"

"வூட்டுக்குங்க."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"வரக்கூடாதுன்னு எழுதியிருக்குதுங்க."

இங்க உக்காந்து போடுடீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அளந்த படி மறந்து போச்சேன்னு எனக்கு எரிச்சல். போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன். மத்தியானம் அட்டெண்டன்ஸ் முப்பத்தியொண்ணு, தட்டு முப்பது. நான் முட்டை முப்பத்தியொண்ணுன்னு எழுதுனேன். ரெண்டு கணக்கும் ஒத்துப் போகலீன்னா ஆயிரம் கேள்வி வரும், அதான். மொதப் பொய் அதுதாங்க. டீச்சர் அப்பவும் உண்மையத்தான் போட்டிருந்தாங்க, காலையில புள்ள இருந்தாளே.

மறுநாள் காலையில செல்போன் ஆப்புல அட்டெண்டன்ஸ் போடறப்போ கலைமதி வரல. பூப் பறிக்கற புள்ளைங்க லேட்டாத்தான் வரும். ஆப்புல போடறதுக்கு நேரம் முடிஞ்சுடும்னு டீச்சர் எப்பவும் வந்ததாவே போட்டுடுவாங்க, அதுங்களும் ஓடி வந்துடும். அன்னிக்கும் அப்படித்தான் போட்டாங்க. புள்ள வரல. அதுக்கு மறுநாளும் வரல. "அக்கா, தொடர்ந்து வரலீன்னு காட்டுனா பேரு படிப்பை விட்டவங்க பட்டியலுக்குப் போயிடும். அப்புறம் அர்ச்சுனன் சும்மா இருப்பாரா, பேரே போச்சுன்னு நிறுத்திடுவாரு. நாளைக்கு நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்"னாங்க. நானும் தலையாட்டுனேன். அவங்க ஒரு டிக், நான் ஒரு முட்டை. இப்படியே கை பழகிப் போச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனாங்க, வூடு பூட்டியிருந்துச்சு. அடுத்த புதன்கிழமை நானும் கூடப் போனேன். பள்ளிக்கூட நாள் கணக்குல அது ஏழாவது நாள். அர்ச்சுனன் மரியாதையான மனுசன். துண்டை எடுத்து உதறி, எங்களைக் கட்டில்ல உக்கார வச்சாரு. டீச்சர் ஆரம்பிக்கறதுக்குள்ள உள்ள போய் ஒரு பேப்பரை எடுத்துட்டு வந்து நீட்டுனாரு. விதிகள் எழுதுன அந்த ஜெராக்ஸ்.

"நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்களே டீச்சர். முடிக்காதவங்க வரக்கூடாதுன்னு போட்டிருக்குது. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். புள்ளையால முடியலீங்க, அதான் அனுப்பல."

"ஐயோ, அதுக்கு அர்த்தம் அது இல்லீங்க. வகுப்புக்கு வெளிய உக்காந்து போட்டுட்டு உள்ள வரணும், அவ்வளவுதாங்க."

"அப்படி எழுதலீங்களே."

டீச்சர் அந்தப் பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அவங்க மூஞ்சி செத்துப் போச்சு. வெளிய போன்னு எழுதுனவங்க எப்ப உள்ள வரலாம்னு எழுதாம விட்டுட்டாங்க.

கலைமதி கதவுக்குப் பின்னால இருந்து நோட்டோட வந்தா. பக்கத்து வூட்டு சுமித்ரா அதே வகுப்பு. அவகிட்ட தெனமும் கேட்டு வூட்டுப்பாடத்தை எழுதி வாங்கியிருக்கா. "பத்துக் கணக்கு பாக்கி இருக்குதுங்க டீச்சர். பூ வேலை முடிச்சுட்டு நாளுக்கு ரெண்டுதான் போட முடியுது. நீங்க மூணு குடுக்கறீங்க. எப்ப முடியும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன், முடியவே மாட்டேங்குதுங்க." சொல்லிட்டு அழுவல. விடை வராத கணக்கைக் காட்டற மாதிரி நோட்டைக் காட்டிக்கிட்டு நின்னா.

நான் அழுதுட்டேன். டீச்சர் அவ கையைப் புடிச்சுக்கிட்டு, "நீ ஒண்ணும் போட வேண்டாம் கண்ணு, நாளைக்குச் சும்மா வா"ன்னாங்க. அர்ச்சுனன் விடல. "இல்லீங்க டீச்சர், விதின்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான். முடிச்சுட்டே வரட்டும். பூவும் அதுக்குள்ள ஓஞ்சுடும்"னாரு. கலைமதியும் அப்பா சொல்றதுதான் சரின்னு தலையாட்டுனா. வேற வழியில்லாம டீச்சர் சொன்னாங்க: "நான் நாளையில இருந்து வகுப்புக்கே வூட்டுப்பாடம் குடுக்கல. நீ பத்தையும் போடு. அஞ்சு நாளு. செவ்வாக்கிழமை வந்துடு."

சொன்ன மாதிரியே செஞ்சாங்க. அத்தனை வருசத்துல வூட்டுப்பாடமே இல்லாத வாரம் அது ஒண்ணுதான். புள்ளைங்களுக்குக் கொண்டாட்டம். டீச்சர் தெனமும் ஆப்புல டிக் போட்டுட்டு, விரலை விட்டு எண்ணுவாங்க. வெள்ளி நாலு, சனி ஆறு, ஞாயிறு எட்டு, திங்கள் பத்து.

அந்த அஞ்சு நாள்லதான் காரியம் முடிஞ்சுபோச்சு. பொண்ணு பள்ளிக்கூடம் போகாம வூட்ல இருக்கறான்னு சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சுது. வூட்ல ஒக்காந்த பொண்ணை யாரு விட்டு வைப்பாங்க? ஓசூர்ப் பக்கம் இருந்து மாதவராஜ்னு ஒரு பையன், இருபத்தேழு வயசு, தூரத்துச் சொந்தம். வந்தாங்க, பாத்தாங்க, தட்டு மாத்திட்டாங்க.

செவ்வாக்கிழமை டீச்சர் வாசலைப் பாத்துக்கிட்டே பாடம் நடத்துனாங்க. கலைமதி வரல. மத்தியானம் சுமித்ரா தட்டு கழுவிக்கிட்டே சொன்னா, "கலைமதிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணமுங்க. எனக்கு வளையல் வாங்கிக் குடுத்தாங்க." டீச்சர் சாப்பாட்டை அப்படியே வச்சுட்டு அர்ச்சுனன் வூட்டுக்கு ஓடுனாங்க. இந்தத் தடவை கட்டில் போடல. மாதம்மாள்தான் வாசல்ல நின்னு, "பெரிய படிப்பு படிச்சு எங்களுக்கு என்ன ஆவப் போவுதுங்க, நீங்க உங்க வேலையைப் பாருங்க"ன்னா. அன்னிக்கு சாயங்காலமே டீச்சர் கொழந்தைங்க ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டு, பேரு, வயசு, ஊரு எல்லாம் சொன்னாங்க.

தும்பை விட்டுட்டு வாலைப் புடிக்கற கதையாப் போச்சு. புதன்கிழமை காலையில டீச்சர் கையில போனு. மனசெல்லாம் ஆபீசருங்க எப்ப வருவாங்கங்கறதுலயே இருந்துச்சு. விரல் அது பாட்டுக்கு முப்பத்தியொரு டிக் போட்டுடுச்சு. போட்டது அவங்களுக்கே தெரியல. பதினொரு மணிக்கு ரெண்டு ஆபீசருங்க அர்ச்சுனன் வூட்டுக்குப் போயிருக்காங்க. பொண்ணு எங்கன்னு கேட்டிருக்காங்க. "ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க. கல்யாணமுமில்ல ஒண்ணுமில்ல, ஆகாதவங்க யாரோ கெளப்பி விட்டிருக்காங்க"ன்னாரு அந்த மரியாதையான மனுசன். ஆபீசர் அங்கயே நின்னு போன்ல ஆப்பைத் தொறந்து பாத்திருக்காரு. கலைமதி, எட்டாம் வகுப்பு, இன்று வருகை. ஒரு நாள்கூட லீவில்ல. புள்ள ஒழுங்கா பள்ளிக்கூடம் போகுது, புகார் தப்புன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க பள்ளிக்கூடத்துக்கு அவங்க வரவே இல்ல. அதுக்கப்புறம் அர்ச்சுனன் பொண்ணை வேற ஊருக்குக் கொண்டு போயிட்டாரு. எந்தக் கோயில்ல கல்யாணம்னு ஒருத்தரும் வாயைத் தொறக்கல.

டீச்சருக்கு விசயம் தெரிஞ்சப்போ பள்ளிக்கூடம் விட்டு நாங்க ரெண்டு பேருந்தான் இருந்தோம். ஆபீசருக்குப் போன் போட்டு, "சார், நான் பொய்யா போட்டுட்டேன், அந்தப் புள்ள வர்றதே இல்லீங்க"ன்னாங்க. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு, நானும் கேட்டேன். "எதுங்க டீச்சர் பொய்? காலையில போட்டதா, இப்பச் சொல்றதா?"ன்னாரு. அவரு கேட்டதுலயும் தப்பில்ல.

வியாழக்கிழமை டீச்சர் லீவு போட்டுட்டு, வேலை போனாலும் போகட்டும்னு எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்மபுரியில கொழந்தைங்க பாதுகாப்பு ஆபீசுக்குக் கொண்டு போனாங்க. அங்க ஒரு மேடம் பொறுமையாக் கேட்டாங்களாம். உங்க ரெக்கார்டை நீங்களே பொய்ங்கறீங்க, வேற ஒரு சாட்சி வேணும், சத்துணவு ரிஜிஸ்டர் வச்சிருக்கறவங்க புள்ள சாப்பிட வரலீன்னு எழுதிக் குடுத்தாங்கன்னா இன்னிக்கே போலீசோட போறோம்னு சொன்னாங்களாம். டீச்சர் அங்கிருந்து ஆட்டோ புடிச்சு நேரா என் வூட்டுக்கு வந்தாங்க. மணி நாலு.

"அக்கா, ஒரு கையெழுத்து."

இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுது. நான் போட மாட்டேன்னுட்டேன்.

"உங்களுக்கு சஸ்பெண்டு ஆனாலும் பாதிச் சம்பளம் வரும், ஓசூர்ல வூட்டுக்காரர் இருக்காரு. எனக்கு என்ன வரும்? முட்டைத் திருடின்னு ஊரே சொல்லும். விதி எழுதுனது நீங்க, நீங்களே பாத்துக்கங்க"ன்னு கத்துனேன். மிச்சமான அந்த முட்டைகளைச் சின்ன வகுப்புப் புள்ளைங்களுக்குத்தான் பிட்டுக் குடுத்தேன். ஆனா அதை யாரு நம்புவாங்க?

டீச்சர் என்கூட சண்டை போடல. வாசப்படியில உக்காந்து, "அக்கா, நாளைக்குக் காலையில தாலி கட்டிடுவாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் "சரிங்க்கா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

விடியற வரைக்கும் எனக்குக் கண்ணு மூடல. ஆறரை மணிக்கு ரிஜிஸ்டரைப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். தர்மபுரி போய் எழுதிக் குடுத்துடறதுன்னு. அங்க ஒரு வேன் வந்து நின்னுச்சு. எங்கூர் ஜனம் கையில தாம்பூலப் பையோட எறங்குச்சு. சுமித்ரா புதுப் பாவாடையில எறங்கி, "அஞ்சரைக்கே முகூர்த்தம் முடிஞ்சுதுங்க"ன்னா. நான் ரிஜிஸ்டரோட அதே எடத்துல உக்காந்துட்டேன்.

அப்புறமும் போய் எழுதிக் குடுத்தேன். கேசு போட்டாங்க. புள்ளையை அவங்க எங்க வச்சிருக்காங்கன்னு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. டீச்சரை சஸ்பெண்டு பண்ணிட்டாங்க. எனக்கு ஒரு மெமோ, அவ்வளவுதான். என் வேலை என்கிட்டயே இருக்குது, தெனமும் முட்டை எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஹெச்.எம். அந்த சார்ட்டைக் கிழிச்சுட்டாரு.

மூணு வாரம் கழிச்சு சுமித்ரா ஒரு நோட்டைக் கொண்டாந்து என்கிட்ட நீட்டுனா. கலைமதியோட வூட்டுப்பாட நோட்டு. யாரோ சொந்தக்காரங்ககிட்ட குடுத்து விட்டிருக்கா, டீச்சர்கிட்ட சேத்துடணும்னு. நான் போலீசுக்குத் தகவல் சொல்லிட்டு, அந்த ஞாயித்துக்கிழமை பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறுனேன். அன்னிக்குக் கத்துனதுக்கப்புறம் அவங்க மூஞ்சியை நான் பாக்கவே இல்ல.

டீச்சர் என்னை வாங்கக்கான்னு கூப்பிட்டு உக்கார வச்சாங்க. மன்னிப்புக் கேக்கலாம்னு வாயெடுத்தேன், அவங்க கண்ணு நோட்டு மேலயே இருந்துச்சு. செவப்புப் பேனாவை எடுத்தாங்க. மொதப் பக்கத்துல இருந்து ஒவ்வொரு கணக்கா, ஒவ்வொரு வரியா விரலை வச்சுப் பாத்துப் பாத்து டிக் போட்டாங்க. ரப்பர் வைக்கல அந்தப் புள்ள. தப்பானதை ஒரே கோட்டால அடிச்சு, கீழ மறுபடியும் போட்டிருந்தா. இருபத்திநாலு கணக்கு. இருபத்திநாலும் சரி.

"முடிச்சுட்டா அக்கா. இனிமே உள்ள வரலாம்"னாங்க டீச்சர்.

அஞ்சாவது விதிப்படி ஒவ்வொரு நாளுக்கும் கையெழுத்தும் இருந்துச்சு. அர்ச்சுனன், அர்ச்சுனன்னு வரிசையா வந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசி நாலு கணக்குல மட்டும் தேதி கல்யாணத்துக்கு அப்புறம். பெற்றோர் கையொப்பம்னு கோடு போட்ட எடத்துல மாதவராஜ்னு போட்டிருந்துச்சு.